கல்லாவைச் சுற்றி வரும் காய்ச்சல்

கொள்முதல் விலை, வரி, எடைக்கல் முத்திரை என்று எழுதப்படும் பக்கத்தில் இம்முறை காய்ச்சலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நான் மருத்துவன் அல்லன்; ஊத்தங்கரையில் மளிகைக் கடை வைத்திருப்பவன். ஆனால் ஃப்ளூ என்கிற இந்த இன்ஃப்ளுயன்சா காய்ச்சலுக்கு ஒருமுறை நல்ல விலை கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு மருத்துவர்களைக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நம் தொழிலுக்குப் பொருந்துகிற அளவில் இங்கே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது நடந்தது இது. ஐப்பசி அடைமழை. கடையில் நான், கணக்கு எழுதும் பெரியவர், எடை போடும் பையன்கள் இருவர், மூட்டை இறக்கும் ஆள் ஒருவர், ஆக ஐந்து பேர். திங்கட்கிழமை காலை, பையன்களில் ஒருவன் கண் சிவக்க வந்து நின்றான்.

"ராத்திரி பூரா காய்ச்சலுங்க மொதலாளி. உடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி இருக்குது" என்றான்.

ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் அவன் அண்ணன், வெள்ளிக்கிழமை இரவே காய்ச்சலோடு ஊருக்கு வந்து படுத்திருந்தானாம்.

"தீபாவளி நேரம்டா தம்பி. ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு நில்லு, சரியாப் போயிடும்" என்று சொன்னவன் நான்தான். வராத நாளுக்குக் கூலி கிடையாது என்பது எங்கள் கடையில் அன்று இருந்த வழக்கம். அவனும் மாத்திரையை விழுங்கிவிட்டு, இருமிக்கொண்டே பருப்பு நிறுத்தான்.

புதன்கிழமை அடுத்த பையன் படுத்தான். அன்று இரவு எனக்குக் குளிர் கண்டது. வியாழன் மாலை கணக்குப் பெரியவர் சுருண்டார். சனிக்கிழமை மூட்டை இறக்குபவர். பையன்கள் இருவரும் நான்கைந்து நாளில் எழுந்துவிட்டார்கள். பெரியவருக்கு வயது 62, பல வருடச் சர்க்கரை வியாதி. நான்காம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து, நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்தோம். தொண்டைச் சளியை எடுத்துப் பரிசோதித்ததில் ஃப்ளூ என்று வந்தது. ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். அவர் மகள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று நாள் கடை அடைப்பு. நெய், முந்திரி, கடலை மாவு, எண்ணெய் டின் எல்லாம் தீபாவளி கணக்கில் இறக்கி வைத்த சரக்கு. வாடிக்கைக்காரர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. ஒரு பையனின் மூன்று நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்து நான் கண்ட லாபம் இது.

மழையா, கிருமியா?

மழையில் நனைந்ததால் காய்ச்சல், தயிர் சாப்பிட்டதால் காய்ச்சல், தலைக்குக் குளித்ததால் காய்ச்சல் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இன்ஃப்ளுயன்சா அப்படி வருவதில்லை. அது வைரஸ் என்ற நுண்கிருமியால் வருவது. 1933இல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் மனிதரின் தொண்டையிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். ஃபெரட் என்று கீரியைப் போன்ற ஒரு பிராணி உண்டு. அதற்கும் இந்தக் காய்ச்சல் மனிதரைப் போலவே வரும். நோயுற்ற ஃபெரட் தும்மியதில் ஆய்வாளர் ஒருவருக்கே காய்ச்சல் வந்துவிட்டது. அந்த ஆய்வாளர் மழையிலும் நனையவில்லை, தயிரும் சாப்பிடவில்லை.

ஆனால் மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஐப்பசி, கார்த்திகையில் இக்காய்ச்சல் கூடுவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். மழை பெய்தால் நாம் என்ன செய்கிறோம்? பாதி ஷட்டரை இறக்குகிறோம். பின்கதவைச் சாத்துகிறோம். சாரலுக்கு ஒதுங்கியவர்கள் எல்லாம் கடைக்குள்ளே ஏறி நிற்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னலை மூடுகிறார்கள். நனைவதை விட நெருங்கி அடைந்து நிற்பதுதான் கிருமிக்குத் தோது.

சாதாரண ஜலதோஷத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஜலதோஷம் மெல்ல வரும், மூக்கோடு போகும். ஃப்ளூ திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் போர்த்திக்கொண்டு படுப்பார். கடும் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், ஒரு அசதி. டெங்குக் காய்ச்சலும் தொடக்கத்தில் இப்படித்தான் தோன்றும். அது கொசுவால் வருவது. எது என்று நாமாக முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

இரண்டடி மேசை

இக்கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழிகளை நம் கடையை மனதில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி, இருமல், தும்மல், பேச்சு. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தெறிக்கும் துளிகளில் கிருமி இருக்கும். பெரிய துளிகள் மூன்றடி முதல் ஆறடிக்குள் கீழே விழுந்துவிடும். நம் கல்லா மேசையின் அகலம் என்ன? என் கடையில் அளந்து பார்த்தேன், இரண்டேகால் அடி. அதிலும் வாடிக்கைக்காரர் தராசு முள்ளை (இப்போது எண்ணை) பார்க்க முன்னால் சாய்வார். நாமும் விலை சொல்லச் சாய்வோம். இரைச்சல் அதிகமானால் குரலை உயர்த்துவோம். முகத்துக்கு முகம் ஒரு முழம் தூரத்தில் நாள் முழுக்க இருநூறு பேரிடம் பேசுகிற தொழில் நம்முடையது. நமக்குக் காய்ச்சல் இருந்தால் எத்தனை பேருக்குக் கொடுப்போம், அவர்களில் ஒருவருக்கு இருந்தால் எவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்வோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் வழி, கண்ணுக்குத் தெரியாத நுண் துளிகள். இவை உடனே விழுவதில்லை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் மிதக்கும். இதற்கு உலகம் முழுவதும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஒரு சம்பவம் உண்டு. 1977 மார்ச்சில் அமெரிக்காவின் அலாஸ்காவில் ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் சில மணி நேரம் தரையிலேயே நின்றுவிட்டது. உள்ளே 54 பேர். காற்றோட்டக் கருவி ஓடவில்லை. பெரும்பாலோர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பயணிகளில் ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாட்களுக்குள் பயணிகளில் நூற்றுக்கு 72 பேர் இருமலும் காய்ச்சலுமாகப் படுத்தார்கள். ஒரே ஒரு நோயாளி, சில மணி நேரம், மூடிய அறை.

விமானம் நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். மழை நாளில் ஜன்னல் மூடிய பஸ், வெளிக்காற்று வராமல் மூட்டை அடுக்கிய குடோன், கண்ணாடிக் கதவு போட்டுக் குளிர்பதனம் வைத்த புதுக் கடை எல்லாமே அந்த விமானம்தான். பழைய மாதிரி முன்புறம் முழுதும் திறந்த கடைகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் லாபம் அதிகம்.

மூன்றாம் வழி, கை. மூக்கைத் துடைத்த கை தராசுத் தட்டைத் தொடுகிறது, அடுத்தவர் கை அதே இடத்தைத் தொட்டுத் தன் கண்ணையோ மூக்கையோ தொடுகிறது. இரும்பு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பொருள்களில் இக்கிருமி ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை உயிரோடு இருக்கும். துணி, காகிதத்தில் அரை நாளைத் தாண்டுவது அரிது. கையில் சில நிமிடங்கள்தான். சோப்புப் போட்டுக் கழுவினால் உடனே அழிந்துவிடும்.

ரூபாய் நோட்டு இந்தக் காகிதக் கணக்கில் சேராது. 2008இல் சுவிட்சர்லாந்தில் வங்கி நோட்டுகளின் மேல் ஃப்ளூ கிருமியைத் தடவிப் பார்த்தார்கள். சில வகைகள் மூன்று நாள் வரை இருந்தன. மூக்குச் சளியோடு சேர்த்துத் தடவியபோது ஒரு வகை 17 நாள் வரை தாக்குப்பிடித்தது. ஆய்வுக்கூடத்தில் நிறையக் கிருமியைத் தடவிச் செய்தது அது. சட்டைப்பையில் கசங்கி வரும் நோட்டில் அவ்வளவு இருக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. நோட்டை விட எதிரே நிற்கும் ஆளின் இருமல்தான் பெரிய வழி. ஆனாலும் விரலை நாக்கில் தொட்டு நோட்டு எண்ணுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு என்ன சமாதானம் சொல்வது? ஊரார் கை பட்ட நோட்டிலிருந்து நம் நாக்குக்கு நாமே பாலம் கட்டுகிறோம். தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றைச் சின்னக் கிண்ணத்தில் கல்லா மேல் வைத்தால் தீர்ந்தது. வங்கிக் காசாளர்கள் காலம் காலமாகச் செய்வதுதான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழக்கம், பையை வாயால் ஊதித் திறப்பது. காகிதப் பையோ கவரோ ஒட்டிக்கொண்டிருந்தால் எடை போடும் பையன் 'பூ' என்று ஊதுவான். அந்த மூச்சுக்குள்ளேயே சர்க்கரையைக் கொட்டி வாடிக்கைக்காரர் கையில் கொடுப்போம். வீட்டில் யாராவது அப்படித் தட்டில் ஊதிச் சோறு போட்டால் நாம் சாப்பிடுவோமா?

காய்ச்சலுக்கு முந்திய நாள்

கிருமி உடலில் நுழைந்து காய்ச்சல் வெளிப்பட ஒன்று முதல் நான்கு நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு நாள். இதில் சங்கடம் என்னவென்றால், காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே அவர் மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். படுத்த பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுப்பார். குழந்தைகள் இன்னும் சில நாள் கூடுதலாக. அதிகம் பரப்புவது காய்ச்சல் கண்ட முதல் மூன்று நாள். என் கடைப் பையனை நான் மாத்திரை கொடுத்து நிறுத்தி வைத்தது சரியாக அந்த மூன்று நாள். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. உடம்பு லேசாகி அவன் சுறுசுறுப்பாக எல்லாரிடமும் பேசி எடை போட்டான், அவ்வளவுதான்.

அப்படியானால் முந்திய நாளே பரவுகிற நோயை எப்படித் தடுப்பது, முயற்சி செய்து என்ன பயன் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நமக்கு நன்றாகத் தெரிந்த கூட்டு வட்டியில் இருக்கிறது.

சாதாரண ஆண்டுகளில் ஃப்ளூ வந்த ஒருவர் சராசரியாக 1.3 பேருக்குக் கொடுக்கிறார் என்பது நிபுணர்கள் கணக்கு. தட்டம்மையோ பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் கொடுக்கும். அதோடு ஒப்பிட்டால் ஃப்ளூ மெலிந்த சங்கிலி. ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய மூன்று நாள். 10 பேர் 13 ஆவார்கள், 13 பேர் 17, 17 பேர் 22. இப்படி ஒரு மாதத்தில் பத்து முறை பெருகினால் அந்தச் சுற்றில் மட்டும் புதிதாக விழுபவர்கள் ஏறக்குறைய 138 பேர். இப்போது இந்த 1.3ஐ நாம் 0.9 ஆகக் குறைத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, கொடுக்கக்கூடிய மூன்று பேரில் ஒருவரைக் காப்பாற்றினோம். அதே பத்துச் சுற்றில் 10 பேர் மூன்று நான்காகச் சுருங்கிவிடுவார்கள். எல்லாப் பரவலையும் தடுக்கத் தேவையில்லை. மூன்றில் ஒன்றைத் தடுத்தால் போதும், முதல் கரையத் தொடங்கிவிடும். காய்ச்சல் கண்ட அன்றே ஒருவர் வீட்டில் படுத்துவிட்டால், அதற்கு முந்திய நாள் பரப்பியது போனாலும், மீதி நாட்கள் மிச்சம்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 2020இல் கொரோனாவுக்காக உலகமே முகக்கவசம் அணிந்து விலகி நின்றதே, அப்போது ஃப்ளூ என்ன ஆயிற்று? பல நாடுகளில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஃப்ளூ ஏறக்குறைய காணாமலே போயிற்று. பி யமகாட்டா என்று ஒரு ஃப்ளூ வகை இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உறுதியாக எங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதை இனித் தடுப்பூசியில் சேர்க்க வேண்டியதில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. கொரோனாவுக்காக எடுத்த ஏற்பாட்டில் கொரோனா போகவில்லை, அதைவிட மெலிந்த சங்கிலியான ஃப்ளூ அறுந்தது.

சரக்கோடு வரவில்லை, ஆளோடு வந்தது

வணிகர்களாகிய நமக்குக் கோயம்பேடு ஒரு பாடம். அது ஃப்ளூ அல்ல, கொரோனாதான். ஆனால் இருமலிலும் மூச்சிலும் பரவும் பாதை ஒன்றே. 2020 ஏப்ரல் கடைசியில் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று தெரிய வந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள், நெருக்கமான சந்துகள், விடிய விடிய லோடு இறக்குதல். மே 5ஆம் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. அதற்குள் அங்கே மூட்டை தூக்கியவர்களும் வியாபாரிகளும் லாரிகளில் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று மாவட்டம் மாவட்டமாக எண்ணிக்கை ஏறியது. மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேடு காய்கறி அங்காடி மறுபடி திறந்தது. ஏறக்குறைய ஐந்து மாதம். அப்போது முட்டைக்கோஸை உப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லி எல்லாரும் பேசிக்கொண்டார்கள். முட்டைக்கோஸ் யாருக்கும் பரப்பவில்லை. ஒரே லாரியின் பின்பக்கத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து போன ஆட்களிடையேதான் பரவியது.

அந்த மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஒன்றுதான். நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஆனால் ஒரு பக்கம் பெங்களூர், ஒரு பக்கம் சேலம், ஒரு பக்கம் ஆந்திரம். நடுவே தேசிய நெடுஞ்சாலை. ஓசூருக்கு வேலைக்குப் போய் வாரக் கடைசியில் ஊர் திரும்பும் பிள்ளைகள் ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, கல்லாவி, மத்தூர் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். ஞாயிறு போச்சம்பள்ளிச் சந்தையில் எத்தனை ஊர் ஆட்கள் ஒன்றுகூடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? பச்சை நிறம் சில நாள்தான் நின்றது.

நூறு ஆண்டுக்கு முன்னும் இதே கதைதான். 1918 ஜூன் 10 அன்று பம்பாயில் ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவல் பார்த்தவர். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய கப்பல்களோடு வந்த இன்ஃப்ளுயன்சா அது. அங்கிருந்து ரயில் பாதை போகிற பக்கமெல்லாம் போயிற்று. செப்டம்பரில் இரண்டாம் அலை, முதலைவிடப் பல மடங்கு கொடியது, எழுந்து தெற்கே சென்னை மாகாணத்திலும் அக்டோபரில் அடித்தது. நம் ஊத்தங்கரை அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தாலுகா. சாமல்பட்டி வழியாக ஓடும் இருப்புப் பாதைக்கு அப்போதே அரை நூற்றாண்டு வயது. இந்தியாவில் மட்டும் அந்தக் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வருடம் மழையும் பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்தது. பசித்த உடம்பில் காய்ச்சல் விழுந்தது.

அப்படி ஒன்று திரும்ப வருமோ என்ற அச்சத்தை 2009இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் பார்த்தோம். ஹைதராபாத்தில் வந்திறங்கிய விமானப் பயணி ஒருவரிடம் மே மாதம் நாட்டிலேயே முதலாவதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அது. அந்தக் கிருமி போய்விடவில்லை. வழக்கமான ஃப்ளூக்களில் ஒன்றாக நம்மோடு தங்கிவிட்டது. 2015இல் மறுபடி கிளம்பி, நாடு முழுவதும் பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் 42,000க்கு மேல், உயிரிழந்தவர்கள் ஏறக்குறைய 3,000. 2023இல் எச்3என்2 என்ற வகை கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் முதியவர் ஒருவரைக் கொண்டுபோனபோது, மார்ச் 10 அன்று தமிழக அரசு மாநிலம் முழுக்க ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது நினைவிருக்கும்.

என் கடையில் மாற்றியவை

முதலில் மாற்றியது கூலி வழக்கம். காய்ச்சல் என்றால் மூன்று நாள் கூலியோடு விடுப்பு. "கூலி குடுத்தா எல்லானுக்கும் காய்ச்சல் வரும்யா" என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். வரவில்லை. என் வருகைப் பதிவேட்டில் ஒரு ஆளுக்கு ஆண்டில் இரண்டு மூன்று நாளைத் தாண்டியதில்லை. கூலி பிடிப்பதாகச் சொன்னால்தான் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள். மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகுதான் கடைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகும் இருமல் நிற்கும்வரை முகக்கவசத்தோடு குடோன் வேலை, எடை மேசையில் அல்ல. முதலாளிக்கும் இதே சட்டம். சொல்வது சுலபம், கல்லாவை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் முதல்முறை வீட்டில் படுத்திருந்தபோது மணிக்கு நான்கு தடவை போன் செய்தேன்.

மழை நாளிலும் பின்கதவு திறந்தே இருக்கும். சாரலுக்கு ஒரு தகரம் அடித்துவிட்டேன். மேசைக்கு முன்னால் வெங்காய மூட்டைகளை ஒரு வரிசை அடுக்கியதில் வாடிக்கைக்காரர் தானாகவே ஒன்றரை அடி தள்ளி நிற்கிறார். யாரையும் "தள்ளி நில்லுங்க" என்று சொல்லி மனம் கோணச் செய்ய வேண்டியதில்லை. எடை எண் அவர் பக்கம் தெரிகிற தராசு வாங்கியதால் சாய்ந்து பார்ப்பதும் நின்றது. பின்பக்கம் குழாயும் சோப்பும். பணம் போனிலேயே வருவதால் நோட்டு எண்ணும் வேலை பாதி குறைந்துவிட்டது, மீதிக்கு ஸ்பாஞ்சு.

இருமுகிறவர் கையைப் பொத்தி இருமுவதை விட, முழங்கை மடிப்பிலோ துண்டிலோ இருமுவது நல்லது. கையில் இருமினால் அந்தக் கை அடுத்த நொடி உளுத்தம்பருப்பில் இருக்கும். பையன்களுக்கு இதைச் சொல்லிப் பழக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

ஃப்ளூ பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் போய்விடும். ஆபத்து யாருக்கென்றால் 65 வயதைக் கடந்தவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். நம் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டிலேயே மூத்தவர். சர்க்கரையும் இருக்கும். அதிகம் பேரை நெருங்கிப் பார்க்கிற நாற்காலியில், தாங்க முடியாத உடம்பை உட்கார வைத்திருக்கிறோம். ஊரில் காய்ச்சல் அதிகமாக இருக்கிற வாரங்களில் அப்பாவைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மகன் உட்காரலாம்; அப்பாவைச் சம்மதிக்க வைப்பது அவரவர் சாமர்த்தியம். இவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை போடும் ஃப்ளூ தடுப்பூசி உண்டு. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு ஆண்டும் போட வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. நோயை முழுதாகத் தடுக்காவிட்டாலும் ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்குப் போகாமல் பெரும்பாலும் காக்கும். எங்கள் கணக்குப் பெரியவருக்கு ஆண்டுதோறும் செலவு கடைக் கணக்கில்.

மருந்தும் உண்டு. ஓசெல்டமிவிர் என்ற மருந்தைக் காய்ச்சல் தொடங்கிய இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். ஆகவே மேலே சொன்ன ஆட்களுக்குக் காய்ச்சல் என்றால் 'நாளைக்குப் பார்க்கலாம்' கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவை கண்டால் அந்த நிமிடமே மருத்துவமனை. ஆன்டிபயாடிக் மாத்திரை ஃப்ளூ கிருமியைக் கொல்லாது. சில மளிகைக் கடைகளில் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் அந்த மாத்திரைகளை வைத்து விற்கிறார்கள், உரிமம் இல்லாமல் விற்பது குற்றமும்கூட. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூவோடு சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும்.

கணக்குப் பெரியவர் இப்போதும் வருகிறார். அரிசி மூட்டைகளுக்கு அப்பால், பின்கதவுக் காற்று படுகிற இடத்தில் அவருக்கு மேசை. மாடிக் குடோனுக்கு ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. அதனால் சரக்கு எண்ண நான் போகிறேன்.

அன்றைய பையன் இப்போது கடைச் சாவியை வைத்திருக்கிறான். போன ஐப்பசியில் ஒரு காலை, ஏழு மணிக்குப் போன் வந்தது. "மொதலாளி, ராத்திரிலருந்து காய்ச்சலுங்க. எதிர்ல டீக்கடையாண்ட நிக்கிறேன். கிட்ட வரலாமா, சாவிய எப்படித் தர்றது?" என்றான். ஷட்டர் கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். சாவியை எடுத்து, பின்பக்கம் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து கடையைத் திறந்தேன்.